வானத்தின் கன்னத்தில் ஒரு பொட்டு

என் வலது பெருவிரல் நீலமாக இருந்தது. சுட்டுவிரல் கறுப்பாக இருந்தது. எனக்கு முன்னால் ஏழடி அகலத்தில் நெப்ராஸ்கா மாநிலத்து வானம் நின்றது. அந்த வானத்தின் வலது பக்கத்தில், நடுவுக்குச் சற்று மேலே, ஒரு தோசை அளவில் அழுக்கு.

அழுக்கைச் செய்தவன் நான்தான்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். சிசிலித் தீவில், பலேர்மோ நகரின் கால்சாப் பகுதியில், பழைய மாளிகை ஒன்றின் மூன்றாம் மாடி. கீழ்ச் சந்தில் யாரோ கடலைமா வடை பொரிக்கிற வாசம் யன்னலால் வந்து, அறைக்குள் இருந்த டர்பன்டைன் வாசத்தோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. படத்தை வரைந்த அமெரிக்க அம்மா பேக்கரிக்குப் பாண் வாங்கப் போயிருந்தார். எந்த நேரமும் படியேறி வந்துவிடுவார். அடுத்த நாள் காலை பத்து மணிக்குப் படத்தை ஏற்ற வண்டி வரும். மாலை ஆறு மணிக்குக் கண்காட்சி.

பத்தொன்பது வருசமாக அந்த வீட்டில் வேலை செய்கிறேன். எதையும் உடைத்ததில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உடைத்ததெல்லாம் ஒட்டக்கூடிய சாமான்கள். வானத்தை எந்தப் பசையால் ஒட்டுவது?

சின்யோரா உயிரோடு இருக்கிறார்

கதைக்குப் போகுமுன் ஒரு விளக்கம். சென்ற வாரம் நான் என்னை வேலைக்கு வைத்திருக்கிற வீட்டுக்கார அம்மா சின்யோராவுக்கு நண்டுக் குழம்பு சமைத்த வீரக்கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்த மூன்று பேர், அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று கவலையோடு கேட்டிருக்கிறார்கள். நன்றாக இருக்கிறார். எண்பத்துமூன்று வயது. குழம்பு அவரை ஒன்றும் செய்யவில்லை. அவர்தான் குழம்பைக் குறை சொல்லிச் சொல்லியே மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

சின்யோராவின் வீடு பெரியது, வருமானம் சிறியது. ஆகவே சந்துப் பக்கத்து அறைகளை ஆட்களுக்கு வாடகைக்கு விடுவார். அப்படி வந்தவர்தான் ஹேசல்.

எழுபதை நெருங்கிய பெண். ஆண்கள் போடுகிற வேலைச் சட்டை, பாரமான சப்பாத்து, பனங்கிழங்குப் பாத்தி கொத்தின ஆளின் கை. நெப்ராஸ்காவில் ஒரு பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். தன் ஊர்ப் பக்கத்துச் சிவப்புக் களஞ்சியங்கள், தண்ணீர் இறைக்கிற காற்றாடிகள், ஒற்றை அறைப் பள்ளிக்கூடங்கள், இவற்றுக்கெல்லாம் மேலே கிடக்கிற வானம், இவைதான் அவர் வரைவது. வரைந்த படங்களோடு அந்த மக்களின் வாழ்க்கையையும் எழுதிப் புத்தகங்களாகப் போடுகிறார். களஞ்சியத்துக்கு ஏன் சிவப்பு அடிக்கிறார்கள் என்பதற்கு மட்டும் பதினொரு பக்கம். வாசித்துப் பார்த்தேன். என் ஆங்கிலத்துக்கு அது நாற்பது பக்கமாக இருந்தது.

கால்சாவில் பழைய மண்டபம் ஒன்றில் அவருடைய கண்காட்சி. இருபது படங்கள் பெட்டியில் வந்து இறங்கின. ஆனால் மண்டபத்தின் கடைசிச் சுவருக்குப் பெரிய படம் ஒன்று வேண்டும். அந்தளவு படத்தை விமானத்தில் ஏற்ற வழியில்லை. ஆகவே அதை இங்கேயே வரைவதற்கு இரண்டு மாதம் முன்னதாக வந்துவிட்டார்.

"அந்தச் சுவர் வெறுமையாக் கிடந்தால், மிச்ச இருபதும் கலண்டர்தான்" என்று ஹேசல் ஒரு நாள் சொன்னார்.

அவர் பேசியது ஆங்கிலம். சின்யோரா பேசுவது இத்தாலியன். இரண்டும் என் காதுக்குள் நுழைந்ததும் யாழ்ப்பாணத் தமிழாகிவிடும். அப்படியே எழுதுகிறேன். வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது.

மொட்டைமாடியில் மூன்று பேர்

ஹேசலுக்கு ஒரு பழக்கம். வானம் பார்க்க வேண்டுமென்றால் படுக்க வேண்டும் என்பார். நின்றுகொண்டு பார்ப்பது மரியாதைக் குறைவாம்.

ஒரு நாள் மொட்டைமாடியில் நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "சிவா, படுங்கோ" என்றார். சம்பளம் தருகிறவர்கள் என்னை நிற்கச் சொல்லியிருக்கிறார்கள், ஓடச் சொல்லியிருக்கிறார்கள். படுக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. படுத்தேன். வாளியைத் தேடி மேலே வந்த சின்யோரா, வேலைக்காரன் மல்லாந்து கிடப்பதைப் பார்த்தார்.

"செத்துப்போனானோ?"

"வானம் பாக்கிறம்" என்றார் ஹேசல்.

"வாடகைக்குள்ள வானம் இல்லை" என்றார் சின்யோரா. பிறகு முழங்காலைப் பிடித்துப் பிடித்து அவரும் படுத்தார். அவரை எழுப்ப எங்களுக்கு அரை மணித்தியாலம் பிடித்தது.

ஹேசல் முகில்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் எத்தனை வகை முகில் என்று என்னைக் கேட்டார். இரண்டு வகை என்றேன். மழை வருகிற முகில், ஏமாற்றுகிற முகில். அதை அவர் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. அடுத்த ஒரு கிழமைக்கு நான் பலேர்மோவின் சீசாப் பகுதியில் எங்கள் குடியிருப்பின் பால்கனியில் நின்று, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தெரிகிற வேட்டிக்கரை அளவு வானத்தை நாடியைத் தடவிக்கொண்டு பார்ப்பவனாகிவிட்டேன்.

இன்னொரு விசயமும் கற்றுத்தந்தார். அவருடைய ஊர்க் கிரவல் றோட்டில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால், ஓட்டுகிறவர்கள் ஸ்டியரிங் வளையத்திலிருந்து கையை எடுக்காமல் ஒரே ஒரு விரலை மட்டும் உயர்த்துவார்களாம். அதுதான் வணக்கம். எனக்கு அது பிடித்துப்போயிற்று. அடுத்த நாள் சீசாவில் ஸ்கூட்டரில் போகும்போது எதிரே வந்த பஸ் சாரதிக்கு ஒரு விரலை உயர்த்தினேன். எந்த விரல் என்பதை நான் ஹேசலிடம் சரியாகக் கேட்டுவைக்கவில்லை. சாரதி பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கினார். மிச்சத்தை இன்னொரு சந்தர்ப்பத்தில் என் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அழகு கூடினால் ஆபத்து

படம் முடிந்தது. கீழே இரண்டு விரற்கடை அகலத்துக்குப் புல்வெளி. அதில் இடது கரையில் ஒரு சிவப்புக் களஞ்சியம், வலது கரையில் ஒரு காற்றாடி. மிச்சம் எல்லாம் வானம். அந்த வானத்தைப் பார்த்தால் வாய் தானாகத் திறக்கும். முதல் நாள் நான் அப்படித் திறந்த வாயோடு நின்றதில் அடுப்பில் சோறு அடிப்பிடித்தது.

சின்யோரா தன்னோடு சீட்டு விளையாடுகிற ஐந்து கிழவிகளைக் கூட்டிவந்து காட்டினார். "எவ்வளவு அழகு, எவ்வளவு அழகு" என்று எல்லோரும் ஒரே பாட்டு. அதில் மெலிந்த ஒரு அம்மா மட்டும் அந்தப் பாட்டில் சேரவில்லை. கண் இமைக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் போன பிறகு சின்யோரா கழுத்துச் சங்கிலியில் காவலுக்குத் தொங்குகிற சிவப்புக் கொம்புத் தாயத்தைக் கையால் பொத்திக்கொண்டார்.

"என்ர எலுமிச்சை மரத்தையும் அவள் உப்பிடித்தான் பாத்தவள். மூண்டு நாளிலை பட்டுப்போச்சு."

சிசிலிக்காரர் இதை எப்படிச் சொன்னாலும் எங்களுக்கு இது தெரிந்த சரக்கு. நாவூறு. கண்ணூறு. வீடு கட்டினால் முன்னுக்கு வெருளிப் பொம்மை கட்டுவோம். வாகனம் வாங்கினால் நீத்துப்பூசணிக்காய் உடைப்போம். வடிவான பிள்ளையென்றால் கன்னத்தில் கறுத்தப்பொட்டு வைப்போம். பார்க்கிற கண் முதலில் அந்தப் பொட்டில் விழுந்து, சூடு தணிந்து, பிறகுதான் பிள்ளைக்குப் போக வேண்டும். எனக்கும் சின்ன வயதில் வைத்தார்களாம். பழைய புகைப்படத்தில் பார்த்திருக்கிறேன். வைத்தது வீண் செலவு என்று என் மனைவி மலர் சொல்வாள்.

இன்னும் இரண்டு நாளில் படத்தை ஊரே பார்க்கப் போகிறது. அந்த மெலிந்த அம்மா மாதிரி எத்தனை கண். ஏழடி வானத்தில் ஒரு சின்ன மறு இல்லை. இப்படி ஒரு பிள்ளையைப் பொட்டில்லாமல் எந்தத் தாய் சபைக்குக் கூட்டிப்போவாள்?

மறுநாள் காலை மலரின் கைப்பையிலிருந்து கண்மையைக் கேட்காமல் எடுத்துவந்தேன். பிற்பகல் ஹேசல் பாண் வாங்க வெளியே போனதும் சுட்டுவிரலில் தொட்டு, வானத்தின் வலக்கன்னத்தில் மிளகளவு ஒரு பொட்டு வைத்தேன்.

படத்தின் பின்பக்கத்தில் வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பிள்ளையின் முதுகிலா பொட்டு வைக்கிறோம்?

கறை நிபுணரின் பிற்பகல்

இரண்டு அடி பின்னால் போய்ப் பார்த்தேன். அத்தனை பெரிய வானத்தில் பொட்டைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. பொட்டு தன் வேலையைத் திறமாகச் செய்தது. பயந்துவிட்டேன். துடைக்கலாம் என்று முடிவெடுத்தேன்.

இங்கேதான் என் தொழில் திமிர் என்னைக் கவிழ்த்தது. பளிங்கிலிருந்து வைன் கறை எடுத்திருக்கிறேன். வெல்வெட்டிலிருந்து மெழுகு எடுத்திருக்கிறேன். ஒரு பாதிரியாரின் வெள்ளை அங்கியிலிருந்து கணவாய் மை எடுத்திருக்கிறேன். ஒரு பொட்டு எனக்கு எம்மாத்திரம்?

மெல்லிய துணியில் ஒலிவெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். பத்தொன்பது வருசம் யன்னல் துடைத்த கை. தானாக வட்டம் போட்டது. எண்ணெய்ச் சாயம் முழுதாகக் காயவில்லை என்பது எனக்குத் தெரியாது. மிளகு காசாயிற்று. காசு பப்படமாயிற்று. பப்படம் தோசையாயிற்று. கண்மையும் நீலமும் குழைந்து, காலையில் தரை துடைத்த வாளியில் மிஞ்சுகிற தண்ணீரின் நிறம்.

சரி, மேலே நீலம் பூசிவிடுவோம் என்று சாயம் குழைக்கிற பலகையைப் பார்த்தேன். பதினான்கு நீலம். நீலம் என்றால் ஒன்றுதானே என்று இருந்தவன் நான். அதில் அழகானதாக ஒன்றைப் பெருவிரலால் எடுத்து அப்பினேன். வானத்துக்கு யாரோ ஜீன்ஸ் துணியால் ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து மலரின் தொலைபேசி.

"இஞ்சேருங்கோ, என்ர கண்மையைக் கண்டனீங்களே?"

"பேந்து கதைக்கிறன்."

"ஏன் உங்கடை குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"நேப்பிள்சுக்குப் படகு எத்தினை மணிக்கு எண்டு தெரியுமோ?"

அவள் பதில் சொல்லுமுன் படியில் பாரமான சப்பாத்துச் சத்தம் கேட்டது.

ஒட்டுப்போட முடியாத பொருள்

ஹேசல் பாணோடு வாசலில் நின்றார். படத்தைப் பார்த்தார். என் விரல்களைப் பார்த்தார். பாணைக் கதிரையில் வைத்தார்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆங்கிலம் தீர்ந்த இடத்தில் இத்தாலியன், அதுவும் தீர்ந்த இடத்தில் தமிழ், கடைசியில் என் கன்னத்திலேயே பொட்டு வைத்துக் காட்டினேன். "படம் வடிவு கூடிப்போச்சு, மேடம். சனத்தின்ர கண் பட்டுவிடும்."

சத்தம் கேட்டு வந்த சின்யோரா படத்தைப் பார்த்துக் கதவுச் சட்டத்தில் சாய்ந்தார். "சிவா, உன்ர சாமானைக் கட்டு" என்றார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாமல் பேசி நான் கேட்டதேயில்லை.

ஹேசல் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். கிட்டப்போய் அழுக்கை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எங்கடை ஊரிலை பொம்பிளையள் பழைய துணித் துண்டுகளை ஒட்டிப் போர்வை தைப்பினம்" என்றார். "அம்மா தைக்கேக்கை ஒரு துண்டை வேணுமெண்டே பிழையா வைப்பா. குறையில்லாத சாமான் மனுசருக்குக் கூடாது எண்டு சொல்லுவா. அதைப்பற்றி ஒரு புத்தகத்திலை ஒரு அதிகாரமே எழுதியிருக்கிறன். இந்தப் படத்துக்கு அது எனக்கு ஞாபகம் வரேல்லை. உங்களுக்கு வந்திருக்கு."

எனக்கு உயிர் வந்தது. அரைவாசிதான்.

"ஆனால் பிழையைத் தைக்கிறவதான் வைக்கோணும். பக்கத்து வீட்டுக்காரன் கத்தரிக்கோலோடை வரக்கூடாது."

வந்த உயிர் போயிற்று.

அவர் யன்னலைப் பார்த்தார். வானத்தில் ஒட்டுப்போட முடியாது என்றார். ஒரு நீலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நீலத்தை வைத்தால் கோடு தெரியும். வலது பக்கத்து மூன்றிலொரு பங்கைச் சுரண்டி எடுத்துவிட்டு மேலிருந்து கீழ்வரை ஒரேயடியாகத் திரும்ப வரைய வேண்டும். மின்விளக்கில் நீலம் பொய் சொல்லும்; பகல் வெளிச்சம் வேண்டும். இன்னும் இரண்டு மணித்தியாலத்தில் சூரியன் எதிரே உள்ள தேவாலயக் கோபுரத்துக்குப் பின்னால் போய்விடும்.

"முடியுமோ?" என்று சின்யோரா கேட்டார்.

"தெரியேல்லை" என்று சொல்லிக்கொண்டே சுரண்டுகிற கத்தியை எடுத்தார் ஹேசல்.

சூரியனைப் பிடித்தவன்

ஒன்றரை மணித்தியாலத்தில் பாதிதான் முடிந்திருந்தது. அறை மங்கத் தொடங்கியது. பால்கனியின் ஒரு மூலையில் மட்டும் வெயில் மிச்சம் இருந்தது.

"கண்ணாடி" என்றார் ஹேசல், திரும்பாமலே.

சின்யோராவின் படுக்கையறையில் அவருடைய கலியாணத்துக்கு வந்த ஆளுயரக் கண்ணாடி. பத்தொன்பது வருசமாக அதை ஒரு அங்குலமும் நகர்த்த விடாதவர், "தூக்கு" என்றார். தூக்கினேன். பால்கனி மூலையில் நின்று வெயிலைப் பிடித்து அறைக்குள் அனுப்பினேன்.

"படத்துக்கு அடிக்காதேங்கோ. கூரைக்கு அடியுங்கோ."

கூரையில் வெள்ளைச் சுண்ணாம்பு. அதில் பட்ட வெளிச்சம் மெதுவாக அறை முழுதும் இறங்கியது. ஆனால் சூரியன் ஓடுகிற சாமான். அது அசைய அசைய நானும் அசைய வேண்டும். சின்யோரா நடுவில் நின்று பொலிஸ்காரர் மாதிரிக் கை காட்டினார். "இடம். இடம். கழுதை, அது வலம்." ஒரு முறை கை நழுவி வெளிச்சம் எதிர் வீட்டுக்குள் பாய்ந்தது. அங்கே சவரம் செய்துகொண்டிருந்த ஆள் யன்னலுக்கு வந்து என் பரம்பரையைப் பற்றிப் பேசினார். சின்யோரா அவருடைய பரம்பரையைப் பற்றிப் பதில் சொன்னார். ஹேசல் சிரித்துச் சிரித்தே வரைந்தார். கையில் வியர்வை, கண்ணில் வியர்வை, கண்ணாடிக்குள் என் மூஞ்சி, அதற்குப் பின்னால் பலேர்மோவின் சூரியன். எனக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. சிரிக்கச் சிரிக்கக் கூரையில் வெளிச்சம் ஆடியது.

"வானத்துக்கு நடுங்கிற குலைப்பன் காய்ச்சல் போல கிடக்கு" என்று உள்ளே இருந்து ஹேசலின் குரல் வந்தது.

சூரியன் கோபுரத்தைத் தொட்டது. நான் ஒரு கதிரையில் ஏறினேன். பிறகு சின்யோரா சொல்லி, பால்கனி மேசையில் ஏறினேன். கடைசித் துண்டு வெயிலைப் பிடித்துக் கொடுத்தேன். அதுவும் போயிற்று.

"முடிஞ்சுது" என்றார் ஹேசல்.

போய்ப் பார்த்தேன். கோடு இல்லை. ஒட்டு இல்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரே வானம். சின்யோரா தன் முழங்கையால் என் விலாவில் ஒரு இடி இடித்தார். என்னை மன்னித்ததற்கு அதுதான் அத்தாட்சிக் கடிதம்.

"இப்ப ரெண்டு பேரும் சுவரைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ" என்றார் ஹேசல். தூரிகை துணியில் படுகிற சத்தம் மூன்று தரம் கேட்டது.

"என்ன செய்தனீங்கள்?"

"என்ர பிழையை நானே வைச்சிட்டன்."

"எங்கை?"

"சொன்னால் வேலை செய்யாது."

எல்லோரும் பார்த்த படம்

கண்காட்சியன்று மண்டபம் நிறைந்த சனம். படம் கடைசிச் சுவரில் தொங்கியது. உள்ளே வந்தவர்கள் மற்ற இருபதையும் தாண்டி நேரே அங்கேதான் நடந்தார்கள். போய் நின்றதும் அவர்களுக்கும் வாய் தானாகத் திறந்தது. அந்த மெலிந்த அம்மாவும் வந்திருந்தார். இமைக்காமல் பார்த்தார். படத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை.

நான் பிழையைத் தேடினேன். மூக்குப் படுகிற தூரத்தில் நின்று, வானத்தை இடமிருந்து வலம் ஒரு வரி, பிறகு அடுத்த வரி என்று கணக்கு வாத்தியார் விடைத்தாள் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன். அரை மணித்தியாலம். பொட்டு இல்லை, மறு இல்லை. யாரோ பின்னால் இருமினார்கள். ஒரு பத்திரிகை இளைஞர், கையில் குறிப்புப் புத்தகம்.

"நீங்கள் இந்தத் துறையிலை நிபுணரோ?"

"பத்தொன்பது வருசம்" என்றேன். எந்தத் துறை என்று அவர் கேட்கவில்லை.

"இந்த வானத்திலை முக்கியமா எதைப் பாக்கிறியள்?"

"ஒண்டும் இல்லை. எவ்வளவு தேடினாலும் ஒண்டும் இல்லை."

அவர் அதை எழுதி, அடியில் கோடும் போட்டுக்கொண்டார்.

மலர் வேலை முடிந்து, வேலைச் சப்பாத்தோடு நேரே வந்து சேர்ந்தாள். இருபது வருசமாகப் பலேர்மோவின் மொட்டைமாடிகளில் மற்றவர்களின் உடுப்பைக் காயப்போடுகிறவள். அன்டெனாவின் நிழலைப் பார்த்து மணி சொல்வாள். படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். மொத்தம் பத்து விநாடி.

"இதென்னப்பா இது" என்றாள் சத்தமாக, படத்தின் புல்வெளியைக் கை காட்டி. "கொட்டிலின்ரை நிழல் வலப்பக்கம் விழுந்து கிடக்கு. காத்தாடியின்ரை நிழல் இடப்பக்கம் விழுந்து கிடக்கு. உந்த மனுசியின்ரை ஊரிலை ரெண்டு சூரியனே?"

பார்த்தேன். உண்மைதான். மண்டபம் முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டிருக்க, பிழை கீழே புல்லில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது.

ஹேசல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். "உங்கடை மனுசி என்ன சொன்னவ?"

"படம் சரியான வடிவாம்."

"இல்லை. அவ அப்பிடிச் சொல்லேல்லை" என்று சொல்லி, ஹேசல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்ன நடக்குது இஞ்சை?" என்றாள் மலர். நான் முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னேன். பொட்டு, எண்ணெய், தோசை, கண்ணாடி, பிழை. அவள் முகத்தில் எனக்கான தீர்ப்பு எழுதப்படுவது தெரிந்தது. ஆனால் அதை வாசிக்காமல் நேரே ஹேசலிடம் போனாள்.

"படத்துக்குப் பாத்தியள், சரி. வரைஞ்ச மனுசிக்கு ஆர் பாத்தது?" என்று என்னைக் கேட்டுவிட்டு, இரண்டு கையாலும் ஹேசலின் முகத்தை மேலிருந்து கீழே வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினாள். பத்து விரலும் சடசடவென்று முறிந்தன. மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன சத்தம் அது?" என்றார் ஹேசல்.

"உங்களிலை கிடந்த கண்ணூறு முறிஞ்ச சத்தம்" என்றேன்.

"இன்னொருக்கா" என்று அவர் தலையைக் குனிந்து கொடுத்தார். அவருக்குப் பின்னால் சின்யோரா, கைப்பையை என்னிடம் நீட்டிவிட்டு, வரிசையில் வந்து நின்றார்.